தாய்க்கா, சட்டிக்கா

பெட்டிக்குள் கையை விடுவதற்கு முன்னால் அக்கா தன் உள்ளங்கையை முகர்ந்து பார்ப்பாள். வெங்காயம் நறுக்கிய கை என்றால் போய்ச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு வருவாள். அதன்பிறகு தாய் முயலின் முதுகை இரண்டு தரம் தடவி, அதன் வாசனையைக் கையில் ஏற்றிக்கொள்வாள். அப்புறந்தான் குட்டிகள் கிடக்கும் பெட்டியின் மூடி திறக்கும். இத்தனை பயபக்தியோடு அவள் கோயிலில் சிலுவை போட்டு நான் பார்த்ததில்லை.

அக்கா என்று நான்தான் கூப்பிட்டேன். ஊருக்கு அவள் முயலம்மா. எனக்கு உறவில்லை. பெரியகுளத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் கோயிலும் சாமியார் பங்களாவும் ஒரே சுற்றுச்சுவருக்குள் இருந்தன. பங்களாவுக்குப் பின்னால் முயல் கொட்டகை. அதற்கு அடுத்து, நான் பெண்பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த ஓட்டுக் கட்டடம். நடுவில் ஒரு முள்வேலிதான். நான் கன்னியர் மடத்தில் படித்தவள். அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அதனால் எங்களுக்குள் எந்தச் சங்கடமும் வந்ததில்லை.

அந்த முயல்கள் சீமை முயல்கள். எங்கள் வெள்ளைக்காரச் சாமியார் அவற்றை ரயிலில் வரவழைத்து, அம்மையநாயக்கனூர் ரயிலடியில் இறக்கி, மாட்டு வண்டியில் கொண்டுவந்தார். பெரும் பஞ்சத்தில் சனம் செத்து விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர். வீட்டுக்கு நாலு முயல் இருந்தால் இன்னொரு பஞ்சத்தைத் தாண்டிவிடலாம் என்பது அவர் எண்ணம். காட்டு முயலைக் கண்ணி வைத்துப் பிடித்துப் பழகிய ஊருக்கு, முயலைக் கூண்டில் அடைத்துப் புல் போடுவது வேடிக்கையாக இருந்தது. யாரும் வாங்கிப்போகவில்லை. ஆனால் மலைமேல் அணை வேலை தொடங்கியபின் கறிக்கு ஆள் வந்தது. காய்ச்சலோடு கீழே இறங்கும் துரைமாருக்கும் மேஸ்திரிமாருக்கும் வயிறு தாங்கியது முயல் ரசம் ஒன்றைத்தான். என் கணவர் அதே காய்ச்சலில் கிடந்தபோது எங்கள் வீட்டுக்கும் அக்காதான் ரசம் கொண்டுவந்தாள். அவர் பிழைக்கவில்லை. அக்கா வருவது நிற்கவில்லை.

குட்டி போட்டு வளர்க்கும் முயல் வேறு, தின்னும் முயல் வேறு. வளர்க்க வைத்துக்கொள்வதற்குத் தாய்க்கு நிறுத்துவது என்று அவள் சொல்வாள். மற்றதெல்லாம் சட்டிக்கு. எந்தப் பெண்முயல் வளர்ந்து வந்தாலும் ஒரு கையில் பிடரியையும் மறு கையில் அடிப்பக்கத்தையும் தாங்கித் தூக்கி, மல்லாத்தி, காம்புகளைத் தடவிப் பார்த்து, தரையில் விட்டு, அது பதறி ஓடுகிறதா நின்று மூக்கை ஆட்டுகிறதா என்று கொஞ்ச நேரம் பார்ப்பாள். பிறகு ஒரே சொல். "தாய்க்கு." அல்லது, "சட்டிக்கு." சொன்னதை மாற்றி நான் கேட்டதில்லை.

அழகான முயலை அவள் நம்பமாட்டாள். பெரிய முயலையும் நம்பமாட்டாள். "அதோட ஆத்தா எப்பிடி வளத்தா, அதச் சொல்லுங்க முதல்ல" என்பாள். குட்டிக் கூட்டம் பெரிதாக இருந்தும், எல்லாக் குட்டியும் ஒன்றுபோல உருண்டு வளர்ந்த ஈற்று எதுவோ, அதிலிருந்து எடுத்த பெண்குட்டிதான் தாய்க்கு. ஒன்று கொழுத்து, இரண்டு இளைத்து, ஒன்று செத்த ஈற்றிலிருந்து எத்தனை லட்சணமான குட்டி வந்தாலும் அது சட்டிக்கு.

ஒருநாள் நான் வேலிக்கு இந்தப்பக்கம் நின்று, ஒரு முயல் தன் குட்டிகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மூலையில் கல்யாண முருங்கை இலை கடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். அடுத்த கூண்டில் இருந்த முயலோ பெட்டியைவிட்டு இறங்கவே இல்லை.

"இவள் பாருங்கள் அக்கா, என்ன பாசம்!" என்றேன்.

"பாசமா? நாளைக்கு வந்து பாருங்க வாத்தியாரம்மா. மேல ஏறி ஏறி உக்காந்தே ரெண்டக் கொன்னுருப்பா" என்றாள். மூலையில் நின்ற முயலின் பெட்டியைத் திறந்து, ஒரு குட்டியை எடுத்து மல்லாத்தி என்னிடம் நீட்டினாள். ரோமம் முளைக்காத மெல்லிய தோலுக்கு அடியில் வெள்ளையாகப் பால் தெரிந்தது. "முயலு நாள் பூரா பால் குடுக்காது. விடியக்காலம் ஒருக்கா வந்து குடுத்துட்டு ஒதுங்கிக்கிரும். ஒதுங்கி நின்னா நரிக்கும் நாய்க்கும் இடம் தெரியாதுல்ல. தாயப் பாக்காதீங்க. குட்டி வயித்தப் பாருங்க."

சாமியார் பூசைக்கு வாங்கும் திராட்சரசம் வந்த மரப்பெட்டிகள்தான் முயல்களுக்குப் பேறுகாலப் பெட்டிகள். சினை முயல் நாள் நெருங்கும்போது தன் வயிற்று முடியைத் தானே பிடுங்கி அதற்குள் மெத்தை போடும். எனக்கு அதைப் பார்க்கக் கண் கலங்கும். அக்கா சிரிப்பாள். "முடி பிடுங்குறதப் பாத்து ஏமாந்துராதீங்க. வயித்துல ஒண்ணுமே இல்லாதவளும் பிடுங்குவா. பொய்ச் சினை. மெத்தை போட்டுட்டுக் குட்டியக் கூண்டுத் தட்டியில போட்டு மிதிக்கிறவளும் இருக்கா."

தலையீற்றுக்கு மட்டும் அவளிடம் மன்னிப்பு உண்டு. முதல் தடவை குட்டியை மிதித்தாலும், சிதறவிட்டாலும், கடித்துத் தின்றாலும் ஒன்றும் சொல்லமாட்டாள். கூண்டுக்கு முன்னால் சாக்கைத் தொங்கவிட்டு இருட்டாக்கி, யாரையும் கிட்டே விடாமல், "பச்சப் புள்ள, பயந்துருச்சு" என்பாள். இரண்டாம் ஈற்றிலும் அப்படியே செய்தால் அன்றைக்கே முடிந்தது. அறுப்பதும் அவளேதான். அறுப்பதற்கு முன் மடியில் வைத்துக் காதைத் தடவிக்கொண்டு, "நீ ஓடித் திரியப் பொறந்தவ. ஒன்னைய இங்கன அடைச்சு வளருன்னு சொன்னது நாங்க" என்று அதனிடம் சொல்வாள். குரலில் கோபம் இருக்காது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கும்.

தாய் கெட்டதானால் குட்டிகளை இன்னொரு முயலிடம் மாற்றி வைப்பாள். அந்த முயலின் மூக்கில் கொஞ்சம் வேப்பெண்ணெயைத் தடவிவிட்டால் போதும், தன் குட்டி எது வந்த குட்டி எது என்று அதற்குத் தெரியாது. பெற்றது ஒரு பொழுது தேடும். பிறகு மேயப் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் பெண்கள் புளியமரத்தடியில் அவளைச் சூழ்ந்துகொள்வார்கள். "முயலம்மா, எம் மருமகளக் கொஞ்சம் பாத்துச் சொல்லு, தாய்க்கா சட்டிக்கா?" என்று யாராவது ஆரம்பிப்பார்கள்.

"ஒம் மருமக கெடக்கா. ஒன்னையத்தான் ரெண்டாம் ஈத்துலயே சட்டிக்கு அனுப்பிருக்கணும். ஒம் மாமியா எரக்கப்பட்டு விட்டுட்டா" என்பாள் அக்கா. மரத்தடியே குலுங்கும். நானும் சிரித்திருக்கிறேன்.

சிரிப்பு எப்போது நின்று அது வழக்கமானது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆடு மாடு வளர்க்கிற சனம். வித்துக்கு எடுப்பதில் கைராசி உள்ளவளின் வாயால் ஒரு சொல் வந்தால் நல்லது என்று நினைத்துவிட்டார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் பங்களாப் பின்பக்கம் போய், தயங்கி நின்று, அவளைக் கேட்டுவிட்டுப் போக ஆரம்பித்தார்கள்.

என் மகள் ஆரோக்கியத்தைப் பார்க்க வடுகபட்டியிலிருந்து வந்த அம்மாவும் அப்படித்தான் போனாள். வாழைத் தோட்டமும் சொந்த வண்டிகளும் உள்ள வீடு. பையன் அணை வேலைக்கு மலைமேல் சாமான் ஏற்றிப்போகும் வண்டிக்காரன். நான் பள்ளிக்கூட வாசலில் நின்றேன். வேலிக்கு அந்தப்பக்கம் பேசியது எல்லாம் காதில் விழுந்தது.

"வாத்தியாரம்மா வளத்ததப் பாத்திருக்கேன்" என்றாள் அக்கா. "அவுக வீட்டுக்காரரு போன பெறகு மூணு பிள்ளையையும் ஒண்ணுபோல வளத்தாக. ஒண்ணு கொழுக்கல, ஒண்ணு இளைக்கல. அந்த ஈத்துல வந்த பொண்ணு. கண்ண மூடிக்கிட்டு தாய்க்கு நிறுத்தலாம்."

அன்றைக்கு எனக்கு வந்த பெருமையை நான் யாரிடமும் சொல்லவில்லை. என் பையன்கள் இருவரும் மதுரையில் வேலையாக இருந்தார்கள். அவர்களுக்கு எழுதிய கடிதத்தில்கூட எழுதவில்லை.

முதல் பேறுகாலத்துக்கு ஆரோக்கியம் என் வீட்டுக்கு வந்தாள். ஆண்பிள்ளை. மருத்துவச்சி துடைத்துக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டபோது, அவள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். களைப்பு என்று நினைத்தோம். மறுநாளும் அப்படியே படுத்திருந்தாள். அதற்கு மறுநாளும்.

"தூக்கும்மா" என்றேன்.

"விழுந்துரும்மா. எனக்குக் கை நடுங்குது."

"மடியில் வைக்கிறேன், பால் கொடு."

"அது என்னையப் பாக்குது. எடுத்துருங்க."

பால் சுரக்கவில்லை. பூண்டும் வெந்தயமும் அவித்துக் கொடுத்தேன். சாமியார் வந்து செபித்து, எண்ணெய் தொட்டு வைத்துவிட்டுப் போனார். பிள்ளைக்கு ஆட்டுப்பாலைத் துணித்திரியில் நனைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டேன். குடித்ததெல்லாம் வெளியே வந்தது. அழுகைச் சத்தம் நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டே போனது. மருமகனுக்குச் சொல்லி அனுப்ப வழியில்லை. மலையில் மழை, பாதை உடைந்து வண்டிகளெல்லாம் மேலேயே நின்றுவிட்டன.

அக்கா வந்தாள். அவள் வாசலில் நுழைந்தபோது, அந்தச் சொல்லை மட்டும் சொல்லிவிடக் கூடாதே என்று நான் ஆண்டவரை வேண்டிக்கொண்டேன். அவள் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தாள். பிறகு துணியை விலக்கிப் பிள்ளையின் வயிற்றில் கை வைத்தாள். வெகு நேரம் எடுக்கவே இல்லை.

"ஒட்டிப் போச்சே வாத்தியாரம்மா."

மகளின் மாமியார் அன்றைக்கு வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவள் மூத்த மருமகளுக்குக் கைக்குழந்தை இருந்தது. "மதினி, எங்க மூத்தவளுக்குப் பாலு ததும்புது. எம் பேரன இங்கன சாகவிட்டுட்டுப் போகச் சொல்றீகளா?" என்றாள் என்னிடம். அக்கா பக்கம் திரும்பி, "நீ சொல்லு ஆத்தா. ஒம் பேச்சக் கேட்டுத்தான் பொண்ணு எடுத்தேன். இப்ப என்ன செய்யணும்?" என்று கேட்டாள்.

"தலையீத்துக்கு நான் குத்தம் சொல்லமாட்டேன்" என்றாள் அக்கா. "ஆனா குட்டி பொறுக்காது. மாத்தி வைங்க. அங்கன பாலு இருக்கு, பிழைச்சிரும்."

"இவள்?" என்று நான் கேட்டேன்.

"மறந்துரும். ஒரு பொழுது தேடும். பெறகு மேயப் போயிரும்."

மேய என்றுதான் சொன்னாள். யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. பிள்ளை அவர்கள் வீட்டுப் பிள்ளை. நான் புருஷன் இல்லாதவள். வண்டியில் வைக்கோல் பரப்பி, மேலே பழஞ்சேலை விரித்துக் கொண்டுபோனார்கள். பிள்ளையைத் துடைத்த துண்டு என் கையிலேயே இருந்தது. வண்டி வாய்க்கால் தாண்டிப் போகும் வரைக்கும் ஆரோக்கியம் சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள்.

இரண்டு நாள் கழித்து, காலையில் அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். ரவிக்கை முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. தண்ணீர் கொட்டிக்கொண்டாளோ என்று நினைத்தேன். பால்.

அவள் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். அடுக்குப் பானைகளை ஒவ்வொன்றாக இறக்கி அதற்குப் பின்னால் பார்த்தாள். குதிருக்குள் கைவிட்டுத் துழாவினாள். பால் சொட்டிக்கொண்டே இருந்தது. அவள் நடந்த இடமெல்லாம் தரையில் அதன் பொட்டு. நான் பின்னாலேயே போனேன். வேறென்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா ஒரு கட்டு அகத்திக்கீரையோடு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இது முயலுக்கு வராது" என்றாள். மறுபடியும், "முயலுக்கு இப்பிடி வராது வாத்தியாரம்மா. எடுத்துட்டா வத்திரும். வத்தத்தான் செய்யும்."

கீரையை அப்படியே போட்டுவிட்டு வடுகபட்டிக்கு நடந்தாள். பொழுது சாயும்போது திரும்பி வந்தாள், வெறுங்கையோடு. கால் முழுக்கச் செம்மண்.

"என்ன சொன்னார்கள்?"

"ஒம் பேச்சுக்குப் பொண்ணு எடுத்தேன், ஒம் பேச்சுக்குப் பிள்ளையத் தூக்குனேன், மூணாவது பேச்சுக்கு ஆடமாட்டேன்னு சொல்லிட்டாக. அவுக சொல்றதும் சரிதானே. பிள்ளை அங்கன குடிக்குது. எடுத்தாந்து இங்கன மறுபடி மூஞ்சியத் திருப்பிக்கிட்டா?"

"பிள்ளை எப்படி இருக்கிறான்?"

"வயிறு நல்லா உருண்டு இருக்கு" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் சந்தோஷம் வந்தது. வந்த இடத்திலேயே அது என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது.

நான் பாலைப் பீய்ச்சிப் பீய்ச்சிக் கொல்லையில் ஊற்றினேன். பால் வற்ற மார்பில் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டச் சொன்னார்கள், கட்டினேன். வெகு நாள் கழித்தே வற்றியது. தேடுவது அதன்பிறகும் நிற்கவில்லை.

கொஞ்சம் தெளிந்து அடுப்படி வேலைக்கு வர ஆரம்பித்தபின் ஒருநாள், அக்கா முயல் ரசம் கொண்டுவந்து வைத்தாள். ஆரோக்கியம் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள், திரும்பாமலே கேட்டாள்.

"பெரியம்மா, நான் சட்டிக்கா?"

சின்ன வயதிலிருந்து வேலிக்கு இந்தப்பக்கம் நின்று அவளும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதானே இருந்தாள். அக்கா பழக்கதோஷமாக உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு அதை மடியில் துடைத்தாள்; துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"எனக்கு முயலு மட்டுந்தான் ஆத்தா தெரியும்" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து அந்த இரண்டு சொல்லும் வரவில்லை. மனுஷருக்கு மட்டுமல்ல, முயலுக்கும் வரவில்லை. குட்டியைச் சிதறவிட்ட முயலையும் அப்படியே வைத்திருந்தாள். தின்றதையும் வைத்திருந்தாள். சிதறிய குட்டிகளைப் பொறுக்கி மடியில் கட்டிச் சூடேற்றிக்கொண்டு கூண்டு கூண்டாக அலைவாள். கெட்ட தாயின் குட்டிகளே வளர்ந்து தாயாகி, அவையும் மிதித்தன. கொட்டகை நாற ஆரம்பித்தது. ஏன் ஒன்றையும் கழிக்கவில்லை என்று சாமியார் கோபித்துக்கொண்டபோது, "எதைன்னு நீங்களே கை காட்டுங்க சாமி, அறுத்துத் தர்றேன்" என்றாள். அவர் கூண்டுகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த வருஷத்து மழைக்காய்ச்சல் அவளையும் கொண்டுபோனது. கடைசியில் நான் ரசம் வைத்துக் கொடுத்தேன், கோழி ரசம். முயல் வேண்டாம் என்றாள். அவளை அடக்கம் செய்தபின் மிச்சமிருந்த முயல்களைச் சாமியார் எதையும் பிரித்துப் பார்க்காமல் அணைக் கூலியாட்களுக்குக் கொடுத்துவிட்டார்.

என் பேரன் வடுகபட்டியில் வளர்கிறான். பால் கொடுத்த பெரியம்மாவை ஆத்தா என்று கூப்பிடுகிறான். போன திருவிழாவில் எங்களைத் தாண்டிச் சப்பரத்துக்குப் பின்னால் சட்டையில்லாமல் ஓடினான். கூட்டத்தில் எல்லோரும் அவன் முகத்தைப் பார்த்து அப்பன் ஜாடை என்றார்கள். ஆரோக்கியம் அவன் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆரோக்கியத்தை அந்த வீட்டில் திரும்பக் கூப்பிடவில்லை. ஆனால் மருமகன் நல்ல பிள்ளை. மலையிலிருந்து இறங்கும்போதெல்லாம் என் வீட்டுக்கு வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போவான். இப்போது அவள் மறுபடியும் பிள்ளைத்தாய்ச்சி. நாள் நெருங்கிவிட்டது. பேறுகாலத்துக்கும் என் வீட்டில்தான் இருக்கிறாள். "இந்தத் தடவ எப்பிடின்னு பாப்போம்" என்று சம்பந்தி வீட்டிலிருந்து சொல்லியனுப்பியிருக்கிறார்கள். அக்காவின் கணக்கில் இது இரண்டாம் ஈற்று. இதை நான் நினைக்கக் கூடாது என்றுதான் காலையில் எழுந்ததும் செபம் சொல்கிறேன். சொல்லி முடிப்பதற்குள் நினைத்துவிடுகிறேன்.

நேற்று மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தேன். தலையணை அடைக்கப் போடியிலிருந்து வாங்கி வைத்திருந்த இலவங்காய்களை ஆரோக்கியம் உள்ளறைக்கு இழுத்துப்போய், உடைத்து, பஞ்சை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் எடுக்கச் சொல்லவில்லை. விதையை நீக்கி, விரலால் பிய்த்து, ஊதி, மடியில் சேர்த்துக்கொண்டிருந்தாள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த மூலையில் ஏற்கெனவே ஒரு குவியல். அவள் தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு.

"எதுக்கும்மா இவ்வளவு?" என்றேன்.

"சும்மாதான்" என்றாள். நிமிரவில்லை.

முடி பிடுங்குவதைப் பார்த்து ஏமாந்துவிடாதே என்று சொன்னவள் மண்ணுக்குள் இருக்கிறாள். பயந்த பிள்ளைக்குச் சாக்கைத் தொங்கவிட்டு இருட்டாக்கிவிட்டு நகர்ந்துவிட வேண்டும் என்று சொன்னவளும் அவளேதான். ஆனால் முயல் மட்டும்தான் தெரியும் என்று சொல்லிவிட்டுப் போனாளே. நான் அறை வாசலில் நின்றேன். பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமா, பார்க்காமல் போக வேண்டுமா என்று சொல்ல யாருமில்லை.

கதவை மெள்ள இழுத்தேன். பாதி சாத்தியதும் கை நின்றுவிட்டது. உள்ளே இன்னொரு காய் உடைந்தது.